இரண்டாம் ஆண்டில் எங்கே இருப்பாய்?

வெளிநாட்டில் பொறியியல் படிக்க விண்ணப்பிக்கப் போகிறேன் என்று யார் வந்து சொன்னாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இரண்டாம் ஆண்டு தொடங்கும்போது நீ எந்தத் துறையில் இருப்பாய், அந்த ஆண்டுக்கான பணத்தை யார் கட்டுவார்கள்? எந்தப் பல்கலைக்கழகம் என்று அதற்குப் பிறகுதான் கேட்பேன். நான் ஜெர்மனியில் மெக்கானிக்கல் படித்தவள். இப்போது அங்கேயே வேலை. போன வருடம் என் தம்பி பள்ளி இறுதியாண்டில் இருந்துகொண்டே விண்ணப்பித்தபோது, அவனுக்காக அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி மூன்றின் விதிகளையும் வரிவரியாகப் படித்தேன். படிக்கப் படிக்க இந்தக் கேள்வி எனக்குள் இன்னும் உறுதியானது.

தம்பி முதலில் அனுப்பிய பட்டியல் உலகத் தரவரிசையிலிருந்து அப்படியே இறக்கியது. எம்ஐடி, ஸ்டான்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், இம்பீரியல், பெர்க்லி. "இதுல ஏதாவது ஒண்ணு கிடைச்சா போதும்க்கா" என்றான். நல்ல இடங்கள்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தத் தரவரிசைகளில் ஆய்வுக் கட்டுரைகளுக்கும், அவற்றை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்பதற்கும், மற்றப் பேராசிரியர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதற்கும்தான் கனம் அதிகம். பதினெட்டு வயதுப் பையன் முதல் பருவத்தில் நிலையியல் கணக்குகளில் திணறும்போது அவனுக்கு யார் கைகொடுப்பார்கள் என்பது அதில் வராது. அவனுக்குப் பிடித்த மின்பொறியியலில் அவனுக்கு இடம் உறுதியா என்பதும் வராது. அதைத் தனியாகத் தேடிப் படிக்க வேண்டும்.

அமெரிக்காவில் பல்கலைக்கழகத்துக்குள் போவது ஒன்று, நீ விரும்பும் துறைக்குள் போவது இன்னொன்று. பர்டியூவில் பொறியியலுக்கு எடுக்கப்படும் மாணவர்கள் முதலில் எல்லாருக்கும் பொதுவான முதலாண்டுப் பிரிவில் உட்காருகிறார்கள்; துறை ஒதுக்கீடு அதன் பிறகு. டெக்சஸ் ஏ அண்ட் எம்மிலும் அப்படித்தான்: முதலாண்டு முடியும் தறுவாயில் துறைக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், அந்த ஆண்டு வாங்கிய மதிப்பெண்தான் பேசும். இல்லினாய் அர்பானா-ஷாம்பெயினில் விண்ணப்பிக்கும்போதே துறையைச் சொல்லிவிட வேண்டும். அங்கே வேறு துறையில் நுழைந்துவிட்டு உள்ளே போனதும் கணினி அறிவியலுக்கு மாறிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் அந்தக் கணக்கை விட்டுவிடுவது நல்லது. அந்தக் கதவு மிகமிகக் குறுகலானது. எம்ஐடியில் நேர் எதிர். முதலாண்டில் யாருக்கும் துறை கிடையாது. ஆண்டு முடிவில் எந்தத் துறையை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், இடத்துக்கு வரம்பு இல்லை.

நான்குமே பெயர் பெற்ற இடங்கள். ஆனால் இரண்டாம் ஆண்டில் நான்கும் நான்கு வாழ்க்கை. புதிய நாடு, புதிய மொழிச் சூழல், முதல் முறையாகத் தனியாக இருப்பது எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழும் ஆண்டு முதலாண்டு. அந்த ஆண்டின் மதிப்பெண்ணை நம்பித்தான் துறை கிடைக்கும் என்றால் அது எவ்வளவு பெரிய பந்தயம் என்று யோசியுங்கள். எனக்கு விமானப் பொறியியல் மட்டும்தான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்கள் நேரடியாகத் துறைக்குள் எடுக்கும் இடங்களைத் தேடட்டும். எது பிடிக்கும் என்று இன்னும் தெரியாதவர்களுக்குப் பொது முதலாண்டு நல்லதே. தம்பி முதல் வகை.

அடுத்தது பணம். இதைப் பற்றி வீட்டில் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து பேசாமல் ஒரு விண்ணப்பம்கூட அனுப்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. சேர்க்கைக் கடிதம் வந்த பிறகு பேசினால், அந்தக் கடிதத்தின் மேல் ஆசை வைத்தபடி பேச வேண்டியிருக்கும். அப்போது யாராலும் நேராக யோசிக்க முடியாது.

அமெரிக்காவில் வெளிநாட்டு மாணவர்களின் பணவசதியைப் பார்க்காமலே தேர்ந்தெடுத்து, தேர்வானவர்களுக்குத் தேவைப்படும் முழு உதவியையும் கொடுக்கும் இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எம்ஐடி, ஹார்வர்ட், பிரின்ஸ்டன், யேல் அவற்றில் சில. மற்ற பெரும்பாலான தனியார் பல்கலைக்கழகங்களில், நீ உதவி கேட்கிறாய் என்பதும் தேர்வில் கணக்கில் வரும். அதனால் சிலர், 'இப்போதைக்கு உதவி வேண்டாம் என்று போடு, உள்ளே போனபின் கேட்டுக்கொள்ளலாம்' என்று யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். சேரும்போது கேட்காத வெளிநாட்டு மாணவர் பிறகு கேட்க முடியாது என்று பல பல்கலைக்கழகங்கள் எழுத்திலேயே வைத்திருக்கின்றன. கலிபோர்னியா அரசுப் பல்கலைக்கழகங்கள் போன்ற இடங்களில் வெளிநாட்டு இளங்கலை மாணவருக்குத் தேவையடிப்படை உதவியை எதிர்பார்க்கவே வேண்டாம், முழுக் கட்டணம்தான்.

இன்னொன்று, அதிகம் பேசப்படாதது. அமெரிக்க மாணவர் விசாவுக்கு வேண்டிய ஐ-20 படிவத்தைத் தருவதற்குப் பல்கலைக்கழகம் கேட்பது முதலாண்டுச் செலவுக்கான பணச் சான்றை மட்டும்தான். நாலாவது ஆண்டுக்கான பணச் சான்றைப் பல்கலைக்கழகம் கேட்காது. கட்டணமோ ஆண்டுக்கு ஆண்டு ஏறும். கூடவே, மதிப்பெண்ணுக்காகத் தரும் உதவித்தொகைக்கு நிபந்தனை இருக்கும்: குறிப்பிட்ட சராசரிக்குக் கீழே போனால் அடுத்த ஆண்டு கிடையாது. பொறியியல் முதலாண்டில் நல்ல மாணவர்களுக்கும் சராசரி இறங்குவது சாதாரணம். ஆக, துறையும் பணமும் இரண்டும் அதே முதலாண்டு மதிப்பெண்ணில் தொங்கும் இடங்கள் உண்டு. அப்பாவிடம் இதை ஒரு தாளில் நான்கு ஆண்டுகளாகப் பிரித்து எழுதிக் காட்டினேன். முதல் கட்டத்தை நிரப்ப முடிந்தது. மூன்றாவது கட்டத்தில் அப்பா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இதுக்கு மேல கடன்தாம்மா" என்றார். கடன் வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எந்த ஆண்டில், எவ்வளவு, யார் பெயரில் என்று விண்ணப்பிக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன். பட்டியலில் பாதி அன்றைக்கே போய்விட்டது. தம்பிக்கு முகம் வாடியது உண்மை. ஏப்ரலில் வாடுவதைவிட ஆகஸ்டில் வாடுவது மேல்.

பிரிட்டன் ஒரு வகையில் தெளிவான நாடு. யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாக ஐந்து இடங்களுக்குத்தான் விண்ணப்பிக்கலாம். ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் இரண்டில் ஒன்றுக்குத்தான் ஒரே ஆண்டில் போட முடியும். அவற்றுக்குக் கடைசி நாள் அக்டோபர் 15. மற்ற பெரும்பாலான படிப்புகளுக்கு ஜனவரி. ஐந்து இடத்துக்கும் ஒரே தன்விளக்கக் கட்டுரைதான் போகும். 2026 சேர்க்கையிலிருந்து அது மூன்று கேள்விகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: ஏன் இந்தப் படிப்பு, உன் பள்ளிப் படிப்பு இதற்கு உன்னை எப்படித் தயார் செய்தது, பள்ளிக்கு வெளியே என்ன செய்தாய். மூன்றுக்கும் சேர்த்து இடைவெளி உட்பட 4000 எழுத்துகள். பழைய மாதிரிக் கட்டுரைகளை வைத்துக்கொண்டு கவித்துவமான தொடக்கம் தேடுகிறவர்கள் இதைக் கவனிக்கவும். தொடக்கத்துக்கெல்லாம் அங்கே இடமே இல்லை. நேராக விஷயம்.

கேம்பிரிட்ஜ் பொறியியலுக்கும் இம்பீரியலின் பல பொறியியல் துறைகளுக்கும் ஈசாட் என்ற தேர்வு. கணிதம் 1, கணிதம் 2, இயற்பியல் என்று மூன்று பகுதிகள், ஒவ்வொன்றும் 40 நிமிடம், 27 கேள்விகள், கால்குலேட்டர் கிடையாது. பாடத்திட்டம் பயமுறுத்தாது; நேரம் பயமுறுத்தும். ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவு. பள்ளியில் பக்கம் பக்கமாக விடை எழுதிப் பழகியவர்களுக்கு இது வேறு விளையாட்டு. தோராயமாக மதிப்பிடுவது, பரிமாணத்தைப் பார்த்துத் தவறான விடைகளைத் தள்ளுவது, எல்லைநிலையில் வைத்துச் சோதிப்பது, இவற்றைத் தனியாகப் பழக வேண்டும். பொறியாளருக்கு வாழ்நாள் முழுக்கத் தேவைப்படும் பழக்கங்கள் இவை. அதனால் தம்பி இதற்காகச் செலவழித்த மாதங்களை நான் வீண் என்று நினைக்கவே இல்லை.

அங்கேயும் என் கேள்வி செல்லும். கேம்பிரிட்ஜிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் முதல் இரண்டு ஆண்டுகள் எல்லாருக்கும் பொதுப் பொறியியல். கட்டமைப்பு, மின்னியல், வெப்பவியல் எல்லாம் எல்லாரும் படிக்க வேண்டும். இம்பீரியலில் முதல் நாளிலிருந்தே உன் துறை. இளநிலைப் பட்டம் மூன்று ஆண்டு, அதோடு சேர்த்து முதுநிலையும் தரும் எம்எங் நான்கு ஆண்டு. எம்எங் எடுத்தால் சில துறைகளில், சில நாட்டு மாணவர்கள் ஏடாஸ் என்ற பாதுகாப்பு அனுமதியை விசாவுக்கு முன் தனியாக வாங்க வேண்டும். இதைக் கடைசி நேரத்தில் கண்டுபிடித்துத் தவித்தவர்களை எனக்குத் தெரியும். உன் படிப்புக்கு அது தேவையா என்று சேர்க்கைக் கடிதத்திலேயே இருக்கும். முதலில் அந்த வரியைத் தேடுங்கள்.

இப்போது ஜெர்மனி. எனக்கு நன்றாகத் தெரிந்த இடம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

"ஜெர்மனியில் படிப்பு இலவசம்" என்று கேள்விப்பட்டு வருகிறவர்களுக்கு முதல் திருத்தம்: பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை, பருவக் கட்டணம் மட்டும் உண்டு. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்கள் பருவத்துக்கு 1500 யூரோ கட்ட வேண்டும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களுக்குக் கட்டணம் வைத்துவிட்டது. இளங்கலைக்குப் பருவத்துக்கு 2000 அல்லது 3000 யூரோ. கட்டணம் இல்லாத இடத்திலும் வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை முடக்கப்பட்ட கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். ஆண்டுக்கு 11,904 யூரோ. மாதம் 992 மட்டும் எடுக்கலாம். இது தள்ளுபடி இல்லாத செலவு. ஆனாலும் நான்கு ஆண்டுக் கட்டங்களையும் நிரப்ப முடிகிற நாடு எங்கள் குடும்பத்துக்கு இதுவாகத்தான் இருந்தது, என் காலத்திலும் தம்பி காலத்திலும்.

இரண்டாவது திருத்தம் மொழி. முதுநிலைக்கு ஆங்கிலத்தில் நிறையப் படிப்புகள் இருக்கின்றன. இளங்கலைப் பொறியியல் அப்படி அல்ல. பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான். பல்கலைக்கழகம் கேட்பது பொதுவாக சி1 என்ற மேல்நிலைத் தேர்ச்சி. டெஸ்ட்டாஃப் அல்லது டிஎஸ்ஹெச் தேர்வு எழுத வேண்டும். பல இடங்களில் வினைச்சொல் கடைசியில் வருவதைப் பார்த்து மற்ற நாட்டு மாணவர்கள் தலையில் கைவைக்கும்போது, தமிழ் பேசும் நமக்கு அது அவ்வளவு அந்நியமாக இருக்காது. மொழியைக் கண்டு ஓடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். பேராசிரியர் கரும்பலகையில் விசைகளை வரைந்துகொண்டே சொல்லும் ஜெர்மன், கடிதம் எழுதும் ஜெர்மனைவிட எளிது. படம் பாதியைச் சொல்லிவிடும்.

மூன்றாவது, பள்ளிச் சான்றிதழ். ஒவ்வொரு நாட்டுப் பள்ளி இறுதிச் சான்றிதழும் ஜெர்மனியின் பார்வையில் எதற்குச் சமம் என்பது அனாபின் என்ற தரவுத்தளத்தில் இருக்கிறது. பல நாடுகளின் சான்றிதழ் நேரடிச் சேர்க்கைக்குப் போதாது. அப்போது ஷ்டூடியன்கொலெக் என்ற ஆயத்தக் கல்லூரியில் ஓராண்டு. பொறியியலுக்கு டி-குர்ஸ் என்ற பிரிவு. அதில் சேரவே ஜெர்மன் மொழியிலும் பல இடங்களில் கணிதத்திலும் நுழைவுத் தேர்வு உண்டு. கடைசியில் ஒரு தகுதித் தேர்வு; அதில் தேறினால்தான் பல்கலைக்கழகம். இந்தியா, சீனா, வியட்நாம் மாணவர்களுக்கு இவற்றோடு, பள்ளிச் சான்றிதழ்கள் உண்மையானவை என்று உறுதிசெய்யும் ஏபிஎஸ் சான்றும் வேண்டும். சான்றிதழ்களைச் சரிபார்த்துப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்ப யூனி-அசிஸ்ட் என்ற அமைப்பு இருக்கிறது. ஒரு பருவத்தில் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் 30. குளிர்காலப் பருவத்துக்குக் கடைசி நாள் பெரும்பாலும் ஜூலை 15. அன்றைக்கு அனுப்பினால் போதும் என்று இருக்காதீர்கள். ஏதாவது ஒரு தாள் குறைகிறது என்று அவர்கள் சொல்லி, நீங்கள் திரும்ப அனுப்ப நேரம் வேண்டும்.

ஆயத்த ஆண்டை எல்லாரும் தண்டனை போலப் பேசுவார்கள். நான் டி-குர்ஸ் படித்தவள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. கணிதம், இயற்பியல், தொழில்நுட்ப வரைபடம் எல்லாவற்றையும் அந்த மொழியிலேயே மறுபடி படிக்கும்போது, ஏற்கனவே தெரிந்த விஷயத்தின் மேல் மொழி தானாக ஏறி உட்கார்ந்துகொள்ளும். நேரடியாக முதல் பருவத்துக்குப் போயிருந்தால் தெரியாத இயக்கவியலைத் தெரியாத மொழியில் கற்க வேண்டியிருந்திருக்கும்.

முதல் பருவம் எப்படி என்று சொன்னால் இது ஏன் முக்கியம் என்று புரியும். ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் பல பொறியியல் படிப்புகளுக்கு இட வரம்பே இல்லை. தகுதி இருந்தால் உள்ளே விட்டுவிடுவார்கள். வடிகட்டல் உள்ளேதான். உயர்கணிதமும் டெக்னிஷே மெக்கானிக் என்ற பயன்பாட்டு இயக்கவியலும்தான் அந்த வடிகட்டி. பெரிய அரங்கம், நூற்றுக்கணக்கானோர், வருகைப் பதிவு கிடையாது, பருவ முடிவில் ஒரே எழுத்துத் தேர்வு. பொதுவாக ஒரு பாடத்தை மூன்று முறைதான் எழுதலாம். மூன்றாம் முறையும் தேறாவிட்டால் அந்தப் படிப்பிலிருந்து வெளியே. அதே படிப்பை ஜெர்மனியில் வேறு பல்கலைக்கழகத்திலும் பெரும்பாலும் தொடர முடியாது. சேர்க்கைக் கடிதம் எளிதாகக் கிடைத்ததே என்று மகிழ்ந்தவர்கள் இரண்டாம் ஆண்டில் இல்லாமல் போவதை நான் பக்கத்து இருக்கையில் பார்த்திருக்கிறேன். திறமை இல்லாதவர்கள் இல்லை. தனியாக உட்கார்ந்து படித்தவர்கள். நான்கைந்து பேர் சேர்ந்து பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்த்தவர்கள் கரையேறினார்கள்.

இதே காரணத்துக்காகவே தம்பியிடம் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகங்களையும் பார்க்கச் சொன்னேன். வகுப்பு சிறியது, பேராசிரியர்கள் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள், படிப்பின் நடுவே ஒரு பருவம் முழுக்க நிறுவனத்தில் வேலை. தரவரிசைப் பட்டியல்களில் இவற்றின் பெயர் கண்ணில் படாது. ஜெர்மன் நிறுவனங்களில் என்னோடு வேலை பார்க்கும் நல்ல வடிவமைப்பாளர்கள் பலர் அங்கிருந்து வந்தவர்கள்.

ஃபோர்பிராக்டிகும் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மெக்கானிக்கல் படிப்புக்குப் பல இடங்களில், சேர்வதற்கு முன்பே சில வாரங்கள் பட்டறையில் வேலை செய்த சான்று கேட்பார்கள். அரம் பிடித்து இரும்பைச் சமதளமாக ராவுவது, துளையிடுவது, லேத்தில் கடைவது, வெல்டிங். ஒவ்வொரு வாரமும் என்ன செய்தோம் என்று வரைபடத்தோடு குறிப்பேடு எழுத வேண்டும். உள்மூலையைச் சதுரமாக வைத்துப் படம் வரைவது ஒரு கோடுதான். அதைச் சுழலும் வெட்டுக் கருவியால் வெட்ட முடியாது என்பது கையால் செய்து பார்த்தால்தான் உறைக்கும். இன்றுவரை என் வரைபடங்களில் உள்மூலைகளுக்கு வளைவு வைக்க யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. மற்ற நாடுகளும் இதைக் கேட்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

கட்டுரைக்கு வருகிறேன். அமெரிக்காவின் பல பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவான விண்ணப்பத் தளமான காமன் ஆப்பில் 650 சொற்களுக்குள் ஒரு கட்டுரை, பத்துச் செயல்பாடுகள், ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகள். தம்பியின் முதல் வரைவு, சின்ன வயதிலேயே பொம்மைகளைப் பிரித்துப் பார்ப்பேன் என்று தொடங்கியது. பொறியியலுக்கு விண்ணப்பிக்கும் எல்லாரும் பொம்மையைப் பிரித்திருக்கிறார்கள். படித்துவிட்டுக் கேட்டேன்: "அந்தத் தண்ணீர்த் தொட்டி சமாசாரம் என்னாச்சுடா?"

பள்ளித் திட்டத்துக்காகத் தொட்டியில் நீர்மட்டம் காட்டும் கருவி ஒன்று செய்திருந்தான். வெவ்வேறு உயரத்தில் உலோகக் கம்பிகள், தண்ணீர் தொட்டால் மின்சுற்று முழுமையாகும், விளக்கு எரியும். கண்காட்சியில் வேலை செய்தது. சில வாரங்களில் கம்பி அரித்துப் பச்சை பிடித்து விளக்கு அணைந்துவிட்டது. கம்பியை மாற்றினான், மறுபடி அரித்தது. காரணம் மின்னாற்பகுப்பு: நேர்மின்னோட்டம் ஓயாமல் ஒரே திசையில் ஓடியதால் ஒரு கம்பி கரைந்துகொண்டே இருந்தது. அதைக் கண்டுபிடித்த பிறகு, மட்டத்தை அளக்கும் ஒரு நொடி மட்டும் மின்னோட்டம் கொடுத்து, ஒவ்வொரு முறையும் திசையை மாற்றும்படி நிரலை எழுதினான். அரிப்பு வெகுவாகக் குறைந்தது.

"அது ஃபெயிலான கதைக்கா, அதைப் போய் எழுதச் சொல்றே" என்றான். அவனுடைய முழு விண்ணப்பத்திலும் அவனை ஒரு பொறியாளனாகக் காட்டும் இடம் அதுதான். அரித்த கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஏன் ஒரு கம்பி மட்டும் என்று கேட்டானே, அந்தக் கேள்விக்காகத்தான் ஒரு துறை மாணவனை எடுக்கிறது. மற்றொரு கம்பி நன்றாக இருந்ததைக் கவனித்த வாக்கியத்தைக் கட்டுரையின் நடுவில் வைக்கச் சொன்னேன். சமூகத்துக்குத் தண்ணீர் சேமிப்பதன் அவசியம் பற்றிய பத்தியை எடுத்துவிட்டோம். யூகாஸின் மூன்றாம் கேள்விக்கும் இதே விஷயம் சுருக்கமாகப் போயிற்று.

பரிந்துரைக் கடிதத்துக்கு அவனுடைய இயற்பியல் ஆசிரியரிடம் போனபோது, வகுப்பில் நடந்த இரண்டு மூன்று சம்பவங்களை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்கச் சொன்னேன். நல்ல ஆசிரியர்களுக்கும் நூறு மாணவர்கள், நினைவூட்டினால் சந்தோஷப்படுவார்கள். மொழித் தேர்வுகளை முன்கூட்டியே எழுதி முடித்துவிடுங்கள். அதில் சொல்ல வேறொன்றும் இல்லை.

பெற்றோர் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு: இந்தப் பட்டம் எங்கே செல்லும்? 1989இல் கையெழுத்தான வாஷிங்டன் உடன்படிக்கை, பொறியியல் படிப்புகளின் அங்கீகாரத்தை உறுப்பு நாடுகள் ஒருவருக்கொருவர் ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து தொடங்கியது. பின்னால் சிங்கப்பூர், மலேசியா, இந்தியா, இலங்கை உட்படப் பல நாடுகள் சேர்ந்தன. ஜெர்மனி அதில் இல்லை. மெக்கானிக்கல், மென்பொருள் வேலைகளில் இதை யாரும் பெரும்பாலும் கேட்பதில்லை. என்னிடம் கேட்டதில்லை. ஆனால் சிவில் படித்து, வேறொரு நாட்டில் கட்டட வரைபடத்தில் கையெழுத்திடும் உரிமம் பெற வேண்டும் என்றால் கேட்பார்கள். அங்கீகாரம் பல்கலைக்கழகத்துக்கு இல்லை, குறிப்பிட்ட படிப்புக்கு என்பதையும் கவனிக்கவும். அமெரிக்காவில் இந்த அங்கீகாரத்தைத் தரும் ஏபெட் அமைப்பின் தளத்தில் படிப்பின் பெயரைப் போட்டே தேடிப் பார்க்கலாம்.

தம்பிக்கு மார்ச் வாக்கில் பிரிட்டனிலிருந்து இரண்டு நிபந்தனைச் சேர்க்கைகள் வந்தன. அமெரிக்காவில் ஓர் இடம், பாதி உதவித்தொகையோடு, துறை இரண்டாம் ஆண்டில். ஜெர்மனியில் ஆயத்தக் கல்லூரிக்கு நுழைவுத் தேர்வு எழுத அழைப்பு. அப்பா அந்தப் பழைய தாளை எடுத்து வந்தார். பிரிட்டனில் ஒன்று அவனுக்கு மிகவும் பிடித்த படிப்பு. அதற்கான மூன்றாம் ஆண்டுக் கட்டம் நிரம்பவில்லை. அமெரிக்க இடத்தில் துறைக் கட்டத்திலும் பணக் கட்டத்திலும் கேள்விக்குறி.

"ஜெர்மனின்னா ஒரு வருஷம் கூடப் போகுமேம்மா, வீணாயிடாதா?" என்று அப்பா என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் தம்பியே சொன்னான்: "அப்பா, அந்த ஒரு வருஷத்துலதான் எனக்கு மொழி வரும். அக்காவுக்கும் அப்படித்தான் வந்துச்சு. மத்த ரெண்டுலயும் பாதியில பணத்துக்காகத் திரும்ப வந்தா, அதுதான் வீண்." முடிவை அவனே எடுத்தது எனக்கு நிம்மதி. நான் எடுத்துக் கொடுத்திருந்தால், ஒவ்வொரு கடினமான தேர்விலும் என் முகம் அவனுக்கு நினைவு வந்திருக்கும்.

இப்போது டி-குர்ஸில் இருக்கிறான். நுழைவுத் தேர்வில் கணிதம் எளிதாக இருந்தது, மொழிப் பகுதியில் கேட்டு எழுதுவதுதான் சிரமம் என்றான். தகுதித் தேர்வு முடிந்ததும் ஜூலை 15க்குள் மின்பொறியியலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இந்த முறை பட்டியலை அவனே போட்டு அனுப்பியிருக்கிறான். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் எதிரே முதலிரண்டு பருவப் பாடங்கள், மறுதேர்வு விதி, மூத்த மாணவர்கள் நடத்தும் பயிற்சி வகுப்பு உண்டா இல்லையா என்று எழுதியிருக்கிறான். இரண்டு இடங்களின் தேர்வு விதிமுறைகள் மட்டும் அவனுக்கு முழுதாகப் புரியவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சேர்ந்து படிப்பதாக இருக்கிறோம்.